கதவில் கட்டிய வேப்பிலை

எனக்குப் பிரிவு விருந்து வைத்த அன்று நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களில் சிலருக்கு அதில் ஏமாற்றம் என்று பிறகு கேள்விப்பட்டேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் கேக் தொண்டையில் இறங்கியிருக்காது. அதனால்தான் ஈப்போவில், என் குனோங் ராபாட் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் படிக்காதீர்கள்.

உங்கள் பதவிக்கு இப்போது பெயர் நீளம். விநியோகத் தொடர், சமூகப் பொறுப்பு என்றெல்லாம் அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நான் சேர்ந்தபோது என்னை ‘சப்ளையரப் பாக்கப் போற அக்கா’ என்றார்கள். வேலை ஒன்றுதான். நம் கம்பெனி ரப்பர் கையுறை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. நமக்குப் பெட்டியும் பையும் ரப்பர் பாலில் கலக்கும் மருந்தும் கொடுப்பவர்கள் தங்கள் ஆட்களை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். எதை எதைப் பார்ப்பது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அதை நான் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. பயிற்சியில் சொல்லாத ஒன்று உண்டு. உங்களிடம் மறைக்க நினைக்கிறவன் உங்களைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பான். நீங்கள் யார், எந்த ஊர், எந்த இடத்தில் உங்கள் கால் தானாக நிற்கும் என்பது வரை அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நோய்த்தொற்று அடங்கி, கையுறை வியாபாரம் படுத்துப்போன சமயம் அது. அதற்கு முன் வியாபாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, பெட்டி கிடைத்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு புதுப் புது ஆட்களைச் சேர்த்திருந்தோம். அவர்களில் ஒருவர் ஈப்போவுக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறை வைத்து அட்டைப்பெட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி நம் தமிழ் ஆள்தான். அவருடைய அப்பாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். பட்டறையை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. தொழிலாளிகள் தங்கும் இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த இடம் தெலுக் இந்தான் போகும் பழைய சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டம் என்று பேர்தான். ரப்பரை எப்போதோ அழித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். நம் சனங்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகளில் ஒரு வரிசை மட்டும் இடியாமல் நின்றது. அதற்குத் தகரம் மாற்றிப் பெயிண்ட் அடித்து, பங்களாதேஷிலிருந்து வந்த ஆட்களைக் குடிவைத்திருந்தார் முதலாளி. லயத்து வீட்டைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அப்படி ஒன்றில் பிறந்தவள். மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடியவள். அதைவிட்டு வெளியே வர என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். அதே மாதிரி வீட்டுக்குள் வேறு நாட்டுக்காரர்களை அடைத்துவிட்டு, அதற்கு ஹாஸ்டல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தான். பெயர் சேகர். நாற்பது வயது இருக்கும். அதே தோட்டத்தில் வளர்ந்தவன். பழைய தோட்டத்து மேஸ்திரியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவனை மண்டோர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் காரை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட ஓடி வந்தான்.

“வாங்கக்கா. பசியாறிட்டீங்களா? ஒரு தே தாரிக் கலக்கட்டா?”

“வேலைய முடிச்சிட்டுக் குடிக்கிறேன் தம்பி. மொதல்ல காட்டு.”

வரிசையாகக் காட்டினான். கட்டில், குழாய், அடுப்படி, கழிவறை. எல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தது. ஆட்கள் பட்டறைக்குப் போயிருந்தார்கள். ஜமால் என்று ஒருவன் மட்டும் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வணக்கம் சொன்னேன், தலையை ஆட்டினான். ஒரு லுங்கியைப் போட்டு, எடுத்து, உதறி, மறுபடி அதையே போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி வீட்டுக்குப் போனபோது சேகர் எனக்கு முன்னால் வந்து நின்றான்.

“இது வேணாங்க்கா. அம்மை போட்டிருக்கு.”

நிமிர்ந்து பார்த்தேன். கதவு நிலையில் மஞ்சள் கயிற்றில் ஒரு கொத்து வேப்பிலை.

என் கால் நின்றுவிட்டது. இரண்டு கையும் தானாகக் கன்னத்துக்குப் போயின. “ஆத்தா, தாயே” என்று வாய் முணுமுணுத்தது. உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் லயத்தில் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் காலை வைக்க மாட்டான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியே வந்தாலும் முற்றத்தில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி இலையை அவிழ்க்கிற வரைக்கும் அது அம்மன் இருக்கிற வீடு. அதில் போய் யாரும் சோதனை போடுவதில்லை.

நானும் திரும்பினேன். நாலடி நடந்திருப்பேன். ஜமால் கையில் லுங்கியோடு அப்படியே நின்று, என்னைத் தாண்டி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

“உள்ள யாரு படுத்திருக்கா?” என்றேன் சேகரிடம்.

“ரஃபிக்குன்னு ஒரு ஆளுக்கா. இவனுக்குப் பெரியப்பா மகன் முறை.”

ரஃபிக். அவனுக்கு எதற்கு வேப்பிலை? நேராக ஜமாலிடம் போய், இந்த இலையை யார் கட்டியது என்று மலாயில் கேட்டேன். மண்டோர் என்றான். எதற்கு என்றேன். தெரியாது, இன்றைக்குக் காலையில்தான் கட்டினார் என்றான். அங்கே தங்கியிருந்த ஒருவனுக்கும் அந்த இலைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். கட்டிய சேகர் ஒருவன், பார்த்துவிட்டுத் திரும்பிய நான் ஒருத்தி.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! என் அம்மா எனக்கு ஊட்டிய பயத்தை எடுத்து எனக்கே பூட்டாகப் போட்டிருக்கிறார்கள்.

“அடப்பாவி! ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்றியா நீ?”

சேகர் மெதுவாகச் சொன்னான்.

“பாஸுதான்க்கா. யாரு வர்றாங்கன்னு கேட்டாரு. நம்ம பொம்பளை ஒருத்தவங்கன்னு சொன்னேன். அப்ப ஒரு கொத்து கட்டிவிட்டுரு, உள்ள வரமாட்டாங்கன்னாரு. நான் என்னக்கா பண்ண?”

கதவைத் தள்ளினேன். அம்மை கண்ட வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் மணக்கும். இங்கே அடித்தது அழுகல் நாற்றம். தரையில் அட்டையை விரித்து ரஃபிக்கைப் படுக்க வைத்திருந்தார்கள். வலது கையில் பழைய துணி சுற்றியிருந்தது. அட்டை வெட்டும் பிரஸ் மிஷின் அதன்மேல் இறங்கிவிட்டதாம். தடுப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்களாம், இருந்தால் வேலை மெதுவாகுமாம். அடிபட்டு நாலைந்து நாள் ஆகிவிட்டது. மண்டோர்தான் உப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறான். துணியை விலக்கிப் பார்த்தேன். விரல்கள் கறுத்திருந்தன. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அந்த மனிதன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்.

“தா மாவ் ஹாஸ்பிடல், காக்காக். நந்தி தங்காப்.”

ஆஸ்பத்திரி வேண்டாம் அக்கா, அப்புறம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறான். அவனுடைய வேலை பெர்மிட்டை முதலாளி புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. காலாவதியான பெர்மிட்டோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் இருக்கிற எல்லா வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே வந்து நம் மேலாளருக்குப் போன் போட்டேன்.

“அவன் நம்ம ஆள் இல்லையேம்மா. நீங்க மொதல்ல வெளிய வந்துருங்க. ரிப்போர்ட் எழுதுங்க. இன்னைக்கே அந்த சப்ளையர வெட்டிவிட்டுடலாம்.”

“சார், கை அழுகிக்கிட்டு இருக்கு. இன்னிக்குப் போகலன்னா ஆளே போயிடுவான்.”

“அதுக்குத்தான் சொல்றேன். நம்ம வண்டியில ஏத்திடாதீங்க. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம தலையில விழும்.”

“லைன் சரியா கேக்கலைங்க சார்” என்று சொல்லிப் போனை அணைத்தேன். அந்தப் பொய்க்காக இன்று வரைக்கும் நான் வருத்தப்பட்டதில்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இப்படி ஒரு நேரத்தில் உங்களுக்கு இரண்டு ஆசை வரும். பேசாமல் காருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்று. அதை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள். மற்றது, ‘ஒண்ணும் ஆகாதுப்பா, நான் பாத்துக்கறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது. அது பார்க்க நல்ல குணம் போல இருக்கும். அதைச் செய்யாதீர்கள். நான் ரஃபிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். பிடிக்கக்கூடும், அதை என்னால் தடுக்க முடியாது என்றேன். இங்கேயே கிடந்தால் கை போவதோடு உயிரும் போகும் என்றேன். வருகிறாயா, நீதான் சொல்ல வேண்டும் என்றேன். அவன் ஜமாலைப் பார்த்தான். ஜமால் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ரஃபிக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

“சேகரு, காலப் பிடி.”

“அக்கா, பாஸுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்க்கா. புள்ள குட்டிக்காரன் லா நானு.”

“தெரியும்டா. பிடி.”

அவன் வாசலில் நின்று தலைக்கு மேலே இருந்த வேப்பிலையைப் பார்த்தான். அப்புறம் உள்ளே வந்து பிடித்தான். சாகிற வரைக்கும் அவனைத் திட்டலாம் என்று இருந்தேன், அந்த ஒரு காரியத்தால் என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை.

ஈப்போ வரைக்கும் காரில் ரஃபிக் சாலையில் குழி வரும்போதெல்லாம் முனகினான். அவசரப் பிரிவில் பாஸ்போர்ட் கேட்டார்கள். இல்லை என்றேன். யார் பொறுப்பு என்றார்கள். நான் என்று கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்றார். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான். நாம் கையுறை போட்டு அனுப்புகிற பெட்டிக்காக ஒரு மனிதனுடைய கை போனது. இதை எப்படி மாற்றி எழுதினாலும் வேறு மாதிரி வரவில்லை எனக்கு.

மறுநாள் ஆபீசில் கூட்டம். எல்லோருடைய முகத்திலும் அதிர்ச்சி. சிலருக்கு அது உண்மையானதுதான், குறை சொல்ல மாட்டேன். மேலாளர் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார், இன்றோடு அந்த சப்ளையர் வேண்டாம் என்று. நான் வேண்டாம் என்று மன்றாடினேன். நாம் பெட்டி வாங்குகிற வரைக்கும்தான் முதலாளி நம் பேச்சைக் கேட்பார். பிரஸ்ஸுக்குத் தடுப்பு போட வையுங்கள், பெர்மிட்டைப் புதுப்பிக்க வையுங்கள், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள், ரஃபிக்குக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வையுங்கள், அதற்கப்புறம் வெட்டுவதென்றால் வெட்டுங்கள் என்றேன்.

“வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டா நாம என்னம்மா சொல்றது? தப்புப் பண்றவன்கிட்ட இன்னும் வாங்கிக்கிட்டுத்தான் இருக்கோம்னா?”

“தப்ப சரி பண்ண வச்சிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க சார்.”

“அது கேக்க நல்லா இருக்காதும்மா.”

அன்று மத்தியானமே வெட்டிவிட்டார்கள். உடனடி நடவடிக்கை எடுத்ததற்காக வாடிக்கையாளரிடமிருந்து பாராட்டு வந்தது. மேலாளர் எனக்கும் காட்டினார். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி கொஞ்ச நாளில் பட்டறையை மூடினார். நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது லயம் காலியாக இருந்தது. கட்டில்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி வீட்டு நிலையில் வேப்பிலை காய்ந்து தொங்கியது, அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஜமாலின் நம்பர் வேலை செய்யவில்லை. ரஃபிக்கைக் காயம் ஆறுவதற்குள் வார்டிலிருந்தே, பெர்மிட் இல்லாதவர்களை அடைக்கும் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அன்று காலை நான் அங்கே இருந்தேன். அவன் என்மீது கோபப்படவில்லை. மிச்சம் இருந்த கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் பழைய கதை என்று விட்டிருப்பேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, குனோங் ராபாட் காலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். “அக்கா” என்று ஒரு குரல். சேகர், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான்.

“ரஃபிக்கு ஊருக்குப் போய்ச் சேந்துட்டானாம்க்கா. ஜமாலு சொன்னான்.”

“ஜமால் எங்கடா இருக்கான்?”

“எங்ககூடத்தான் இருக்கான்.”

“எங்ககூடன்னா?”

அவன் கண் வேறு பக்கம் போனது. “பாஸு பிரஸ்ஸ எல்லாம் வேற எடத்துக்கு மாத்திட்டாருக்கா. பேரும் வேற. இப்ப பெட்டி செய்றதில்ல. பெட்டி செய்றவனுக்கு அட்டை வெட்டிக் குடுக்கறதோட சரி.”

“யாருக்குடா வெட்டிக் குடுக்கறீங்க?”

பெயரைச் சொன்னான். அன்றைக்கு வெட்டிவிட்ட முதலாளிக்குப் பதிலாக நாம் சேர்த்துக்கொண்ட புது சப்ளையர். நானே போய்ப் பார்த்து, நல்ல இடம் என்று சொன்ன இடம். நல்ல இடம்தான். அங்கே அட்டை வெட்டும் வேலையே கிடையாது, ஒட்டுவதும் அடுக்குவதும்தான். வெட்டுகிற வேலை வேறொரு கூரைக்குக் கீழே நடக்கிறது. நம் பெட்டியைத்தான் அதே பிரஸ்ஸில், அதே ஆட்கள் இன்னமும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு நம் கண்ணுக்கு எட்டிய இடத்தில் இருந்தார்கள், நாம் வெட்டிவிட்டதில் இன்னும் ஒரு படி கீழே போய்விட்டார்கள். என் கையில் மீன் பை கனத்தது.

“மிஷினுக்குத் தடுப்பு போட்டாச்சா?”

வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிரஸ்ஸுல யாரு நிக்கிறா?”

“ஜமாலு.”

“எடத்தச் சொல்லுடா.”

“என்னைய விட்டுருங்கக்கா. ஏற்கெனவே ஒரு தடவ காலப் பிடிச்சுத் தூக்கினதுக்கு நான் பட்டது போதும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன், அங்கயும் ஒரு கொத்து வேப்பிலை கட்டி வச்சிருக்கியா?” என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கிண்டலாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னான்.

“அங்க எதுக்குக்கா வேப்பிலை? யாரு வரப்போறா?”

நான் அன்றைக்கே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அவங்க நம்ம சப்ளையர் இல்லையேம்மா என்றார். தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு போன் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் போனைக் கையில் எடுத்தேன். ஜமாலின் பெர்மிட் என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுவும் போயிருந்து, ரெய்டு வந்தால், பிரஸ் நிற்கும், ஜமால் ரஃபிக் போன வழியில் போவான். முதலாளி இன்னொரு பெயரில் இன்னொரு கூரை தேடிக்கொள்வார். காசு கொடுத்து வாங்குகிறவன் நேரில் போய் நின்று, தடுப்பு போடு, பெர்மிட் எடு, அப்புறம்தான் அடுத்த ஆர்டர் என்று சொன்னால் மட்டும்தான் அந்த மனுசன் கேட்பார். அப்படிச் சொல்கிற அதிகாரம் அந்த மாதக் கடைசியோடு என் கையைவிட்டுப் போய்விட்டது. இப்போது உங்களிடம் இருக்கிறது.

அந்தப் புது சப்ளையர் உங்கள் பார்வையில்தான் வருகிறார். போங்கள். வரவேற்பார்கள், தே தாரிக் கொடுப்பார்கள், குடியுங்கள். சுத்தமான தரையைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்லுங்கள், பொய்யில்லை. அப்புறம் அடுக்கி வைத்திருக்கும் அட்டையைக் காட்டி, இது எங்கே வெட்டியது என்று கேளுங்கள். மழுப்புவார்கள், வேறு பேச்சை எடுப்பார்கள், இன்னொரு நாள் கூட்டிப்போகிறோம் என்பார்கள். காட்டுகிற வரைக்கும் காரில் ஏறாதீர்கள். மேலாளர் போன் போட்டால் லைன் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜமாலுக்கு இரண்டு கையும் இருக்கும்போதே போங்கள்.